மண்ணைக் காட்டி விற்கும் கடை

உண்பொருளை வாங்குவோர் அதன் பிறப்பிடத்தைக் காண்பது இக்காலத்தில் அரிது. கடையில் நாம் காண்பன பொதியும் விலையுமே. வட அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில், ஷெனாந்தோவா பள்ளத்தாக்கிலுள்ள சுவோப் என்னுஞ் சிற்றூரில், இதற்கு மாறான கடையொன்றுண்டு. அது சாலட்டின் குடும்பத்தார் நடத்தும் பொலிபேஸ் பண்ணையைச் சார்ந்தது. பன்முகம் என்பது அப்பெயரின் பொருள். முட்டையும் இறைச்சியும் வாங்க வருவோர், அவை விளைந்த புல்வெளியையும் தடையின்றி நடந்து காணலாம்.

1961-ஆம் ஆண்டு வில்லியம் சாலட்டினும் அவர்தம் மனைவியார் லூசிலும் அந்நிலத்தை வாங்கியபோது, அது மேன்மண் இழந்து, நீர் அரித்த பள்ளங்களும் பாறையுமாய்க் கிடந்தது. நிலம் குடும்பத்தைத் தாங்கவில்லை. அவர் கணக்கராகவும் அம்மையார் ஆசிரியையாகவும் வெளியே உழைத்தே கடனைத் தீர்த்தனர். 1982-இல் அவர்தம் மைந்தர் ஜோயல் முழுநேர உழவரானார்.

அம்மண் திருந்திய வழி யாது? மேய்ச்சலும் ஓய்வும் மாறி மாறி வருதலே. எளிதிற் பெயர்க்கத்தக்க மின்வேலியாற் புல்வெளியைச் சிறு சிறு பகுதிகளாக்கி, மாடுகளை நாடோறும் புதிய பகுதிக்கு மாற்றுவர். மேய்ந்த புல் மீண்டும் தழைக்குமுன் அங்கு விடார். ஏறக்குறைய மூன்று நாள் கழித்து, சக்கரமுள்ள கூண்டிற் கோழிகள் வரும். அதற்குள் சாணத்தில் ஈயின் புழுக்கள் பருத்திருக்கும். கோழிகள் அவற்றைத் தின்னும் பொருட்டுச் சாணத்தைக் கிளறுதலால், ஈ குறைகின்றது; எரு பரவுகின்றது; முட்டையும் கிடைக்கின்றது. குளிர்காலத்தில் மாடுகள் கொட்டிலில் நிற்கும். அவற்றின் காலடியில் மரச்சீவல் முதலியவற்றோடு மக்காச்சோளமும் அடுக்கடுக்காய் இடப்படும். வசந்தத்தில் பன்றிகள் அச்சோளத்தைத் தேடித் தோண்ட, இறுகிய குப்பை காற்றுப்பெற்று மக்கி உரமாகின்றது.

இம்முறைக்கும் குறையுண்டு. கோழிகளுக்குரிய தானியம் வெளியிலிருந்து வாங்கப்படுகின்றது. ஆதலால் அம்மண் பெறும் வளத்தில் ஒரு பங்கு பிறர் வயலின் கொடையாகும். மேலும், அங்குள்ள விலை பெருங்கடைகளின் விலையினும் மிகுதி. ஏழைக்கு அது எளிதன்று. இவற்றை மறைத்தல் தகாது. ஆயினும், மலிவாகப் பெறும் பொருளின் எஞ்சிய விலையை எவர் செலுத்துகின்றனர் என்பதையும் எண்ணல் வேண்டும். முன்னிருந்தோர் எடுத்துத் திருப்பாத வளத்தை, பின்வந்த குடும்பம் இரு தலைமுறை உழைத்து அந்நிலத்திற்கு ஈடுசெய்தது.

திருமறையில் உக்கிராணக்காரன் தன் கணக்கை ஒப்புவிக்க அழைக்கப்படுகின்றான். நிலத்தை ஆளும் மாந்தரும் உக்கிராணக்காரரே. அப்பண்ணையின் திறந்த வாயில், கணக்கேட்டைப் பிறர் காணத் திறந்து வைத்தலை ஒக்கும்.