காது கேட்கும் கருவி: அதிக விலை அதிகப் பயன் தருமா?

விசைத்தறியின் ஓயாத இரைச்சலில் பல்லாண்டு உழைத்தோர்க்கும், முதுமை எய்தியோர்க்கும் செவிப்புலன் மங்குதல் உண்டு. பெரும்பாலும் முதலில் மறைவன கீச்சென்ற நுண்ணொலிகளே. ஆகையால் பேச்சு கேட்கும், சொல் விளங்காது. 'பசி' என்பது 'பதி' எனத் தோன்றும். கருவி இக்குறையைப் பெருமளவு ஈடுசெய்யும். ஆனால் சில ஆயிரம் ரூபாய் முதல் இலட்சத்திற்கு மேலும் விலையுள்ள கருவிகளுள் எதனை வாங்குவது? அதற்கெனக் கடன்படுதல் தகுமா?

விலை எதற்கு?

எந்தக் கருவியாயினும் அதன் தலையாய வேலை ஒன்றே: அவரவர் செவி இழந்த ஒலிகளை மட்டும் வேண்டிய அளவு பெருக்கித் தருதல். விலை ஏற ஏற, இரைச்சலை அடக்குதல், இடத்திற்கேற்பத் தானே மாறுதல், கைப்பேசியுடன் இணைதல் போன்ற வசதிகள் கூடும்.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தில் ராபின் காக்ஸ் குழுவினர் 2014, 2016 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், முதியோர் சாதாரணக் கருவிகளையும் உயர்விலைக் கருவிகளையும், எது எதுவென அறியாமலே, ஒவ்வொரு மாதம் அணிந்தனர். இருவகையும் நற்பயன் தந்தன; அன்றாட வாழ்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இவர்கள் மிதமான குறையுடையோர் என்பதையும் நினைவிற் கொள்க. கடுமையான குறையுடையோர்க்கு நிபுணர் கூற்றே வழி.

கணக்கிட்டுப் பார்ப்போம்

உதாரணமாக, ஒரு ஜோடி 30,000 ரூபாய். ஐந்தாண்டு உழைக்குமெனின் நாளொன்றுக்குச் சுமார் 16 ரூபாய். 1,50,000 ரூபாய் ஜோடிக்குச் சுமார் 82 ரூபாய். மின்கலச் செலவு தனி. எனினும் பெட்டியில் உறங்கும் கருவி, எவ்விலையாயினும், வீண் செலவே.

வாங்குமுன் செய்யத்தக்கவை

1. முதலில் காது மருத்துவரைக் காண்க. குறும்பி அடைப்பாயின் கருவியே வேண்டாதிருக்கலாம். திடீரென ஒரு காது கேளாது போயின் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது.

2. கேட்புத்திறன் சோதனை செய்து, அதன்படி கருவியைச் சீரமைத்துத் தருவோரிடமே வாங்குக. பொருந்தாத உயர்ந்த கருவியினும் பொருந்திய எளிய கருவி மேல்.

3. சில வாரம் அணிந்து பார்த்துத் திருப்பித் தர இசைவரா, பின்னர்ச் சரிசெய்யக் கட்டணம் உண்டா என எழுத்தில் பெறுக.

4. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணங்கள் வழங்கும் மத்திய அரசுத் திட்டம் 1981 முதல் உள்ளது. தகுதியை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தறிக.

முடிவாக, கருவி செலவுக்குத் தகும். மிக உயர்ந்த விலை பலர்க்குத் தேவையன்று. பேரவையில் கணக்கு வாசிக்கையில் செவிகேளாத அங்கத்தினர், பிறர் கை தூக்குவதைக் கண்டு தாமும் கை தூக்குவார். கேட்டு வாக்களிப்பவரே சங்கத்தின் முழு அங்கத்தினர். ஆதலின் வெட்கத்தால் காலங்கடத்தாது, தக்க விலையில் தக்க கருவியை நாடுவோமாக.