நீர்மூழ்கிக் கப்பலும் தன்னியக்க நீரடி ஊர்தியும்

மஞ்சள் நிறக் குழாய் போன்ற ஒரு பொருளின் படத்தைப் பார்த்த என் தங்கை, "ராத்தா, இது குட்டி நீர்மூழ்கிக் கப்பலா?" என்று கேட்டாள். அது தன்னியக்க நீரடி ஊர்தி. இரண்டும் நீருக்கடியில் செல்பவை என்பதால், ஒன்றின் சிறிய வடிவமே மற்றையது எனப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் பருமன் இங்கு முக்கிய வேறுபாடன்று. இயந்திரத்தை நடத்தும் மனிதர் எங்கே இருக்கிறார் என்பதிலேயே வேறுபாடு தொடங்குகிறது. இதனை ஓர் உண்மைச் சம்பவத்தைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

2009 ஜூன் 1ஆம் திகதி, பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸ் நோக்கிப் பறந்த எயார் பிரான்ஸ் 447 விமானம் அத்திலாந்திக் சமுத்திரத்தில் வீழ்ந்தது. அதிலிருந்த 228 பேரும் உயிரிழந்தனர். விபத்தின் காரணத்தைச் சொல்லக்கூடிய கறுப்புப் பெட்டிகள் ஏறத்தாழ 3,900 மீற்றர் ஆழத்தில் கிடந்தன. நமது பிதுருதலாகலை மலையின் உயரம் 2,524 மீற்றர். அம்மலையை அந்தக் கடலடியில் வைத்தாலும், அதன் உச்சிக்கு மேலே ஒரு கிலோமீற்றருக்கும் அதிகமான நீர் நிற்கும்.

முதலில் தேடலுக்கு வந்தவற்றுள் 'எமரோட்' என்ற பிரெஞ்சு அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலும் ஒன்று. அதன் நீளம் 70 மீற்றருக்கும் அதிகம். நீர்மூழ்கி என்பது மனிதர் வாழும் கப்பல். அவர்கள் சுவாசிக்க வளி, உறங்க இடம், உண்ண உணவு எல்லாம் அதனுள் இருக்க வேண்டும். தாங்கிகளில் கடல்நீரை நிரப்பினால் அது அமிழும். அமுக்கிய வளியால் அந்நீரை வெளியேற்றினால் மேலெழும். நாம் படிக்கும் ஆக்கிமிடிசின் தத்துவம்தான் இது.

ஆனால் அந்தக் கப்பலால் 3,900 மீற்றர் ஆழத்திற்குச் செல்ல முடியாது. கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் இறங்கும்போதும் அமுக்கம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவால் கூடுகிறது. அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் பரப்பின் மீதும் சுமார் 400 கிலோகிராம் பாரம் வைத்தது போலிருக்கும். மனிதர் நடமாடும் அளவுக்கு அகன்ற, வளி நிறைந்த கப்பல் அதைத் தாங்காது. இராணுவ நீர்மூழ்கிகள் பொதுவாகச் சில நூறு மீற்றர் ஆழத்திலேயே இயங்குகின்றன. ஆகவே எமரோட் மேலிருந்தபடி, கறுப்புப் பெட்டிகள் எழுப்பும் ஒலிச் சமிக்ஞையைக் கேட்க முயன்றது. அச்சமிக்ஞையின் மின்கலம் ஒரு மாதமளவே நீடிக்கும். பெட்டிகள் இருந்த இடம் தெரியவரவில்லை.

2011இல் 'ரீமஸ் 6000' வகையைச் சேர்ந்த மூன்று நீரடி ஊர்திகள் அனுப்பப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 மீற்றர் நீளம். நிறை ஒரு தொன்னிலும் குறைவு. ஆனால் 6,000 மீற்றர் ஆழம்வரை செல்லக்கூடியவை. உள்ளே மனிதர் இல்லாததால் பெரிய வளியறை தேவையில்லை. கணினியையும் மின்னணுக் கருவிகளையும் பாதுகாக்கச் சிறிய, தடித்த கலங்களே போதும். எனினும் மின்கலத்தில் இயங்குவதால் ஒரு நாளளவில் அது மேலே வந்தாக வேண்டும். அணுசக்தி நீர்மூழ்கியோ மாதக்கணக்கில் நீருள் இருக்கும். உள்ளோரின் உணவுதான் அதன் எல்லை.

இன்னொரு தடையும் உண்டு. வானொலி அலைகள் கடல்நீரில் வெகுதூரம் செல்வதில்லை. கைத்தொலைபேசிக்கு இடங்காட்டும் செய்மதிச் சமிக்ஞையும் அங்கே எட்டாது. ஒலி மட்டுமே செல்லும். அதுவும் செக்கனுக்கு சுமார் 1,500 மீற்றர் வேகத்தில். எனவே ஆழத்திலுள்ள ஊர்தியை மேலிருந்து கணத்துக்குக் கணம் செலுத்த இயலாது. தன் வேகத்தையும் திசையையும் தானே அளந்து, தான் இருக்கும் இடத்தை அது கணிக்கிறது. வயலை உழுபவர் சால் சாலாகச் செல்வதுபோல் கடலடியின் மேலே போய்வந்து, இருபுறமும் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு படம் வரைகிறது. 'தன்னியக்கம்' என்ற சொல்லின் பொருள் இதுவே. இத்தகைய முதல் ஊர்தி 1957இலேயே அமெரிக்காவின் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டது.

2011 ஏப்ரல் 3ஆம் திகதி விமானத்தின் சிதைவுகள் அந்தப் படங்களில் தெரிந்தன. ஆனால் அவற்றை மேலே கொண்டுவந்தது ரீமஸ் அன்று. அதற்குக் கைகள் இல்லை. கப்பலுடன் வடத்தால் இணைக்கப்பட்டு, மேலே இருப்பவர் திரையைப் பார்த்து இயக்கும் இன்னொரு வகை ஊர்தியே மே மாதத் தொடக்கத்தில் கறுப்புப் பெட்டிகளை எடுத்து வந்தது. கேட்பதற்கு ஒன்று, தேடுவதற்கு ஒன்று, எடுப்பதற்கு ஒன்று என ஒவ்வொன்றின் வேலையும் வேறு.

என்னை அதிகம் சிந்திக்க வைத்தது வேறொரு விடயம். 2010இலும் இதே வகை ஊர்திகள் தேடின, ஒன்றும் கிடைக்கவில்லை. ஊர்தியில் பழுதில்லை, தேடிய பரப்பில் விமானம் இருக்கவில்லை. 2009இல் ஒலி தேடிய கப்பல்கள் கடந்துபோன பகுதியில் சத்தம் கேட்காததால், அங்கே விமானம் இருக்க வாய்ப்புக் குறைவு என்று கருதப்பட்டிருந்தது. பின்னர் கணிதவியலாளர்கள், "ஒலியெழுப்பும் கருவிகள் இரண்டுமே பழுதடைந்திருந்தால்?" என்ற கேள்வியையும் சேர்த்து நிகழ்தகவைக் கணித்தனர். அக்கணிப்பு, விமானம் கடைசியாகத் தன் இடத்தை அறிவித்த புள்ளிக்கு அருகிலுள்ள பகுதியைச் சுட்டியது. அங்கே தேடத் தொடங்கி ஒரு வாரமளவில் அது கிடைத்தது.

ஆகவே தன்னியக்க ஊர்தியில் மனிதர் இல்லை என்பது பாதி உண்மைதான். நீர்மூழ்கியில் மனிதர் உடலோடு கீழே செல்கிறார். நீரடி ஊர்தியிலோ அவர் முன்கூட்டியே எடுத்த தீர்மானங்கள் செல்கின்றன. எங்கே தேடுவது என்பதை அவர் சரியாகச் சிந்திக்காவிட்டால், எத்தனை சிறந்த இயந்திரமும் வெறுங்கையுடன் திரும்பும்.

பெட்டிகள் கிடைத்தபின், 2012இல் விசாரணை முடிவு வெளியானது. வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனிப்பளிங்குகள் அடைத்ததும், அதன்பின் விமானிகளால் நிலைமையைச் சீராக்க இயலாமற் போனதும் அதில் விளக்கப்பட்டன. உறவுகளை இழந்தவர்களுக்கு மூன்று ஆண்டுகளின் பின் ஒரு பதில் கிடைத்தது. "நிகழ்தகவு எதற்குப் பயன்படும்?" என்று வகுப்பில் கேட்கும் தோழியருக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கணிதமும் பௌதிகவியலும் கணினியும் சேர்ந்த இத்துறையை நம் மாணவிகளும் தேர்ந்தெடுக்கலாம். கேட்டால் பெற்றோரும் தயங்காது ஊக்கப்படுத்த வேண்டும்.