டர்போ போச்சு என்று முடிவு கட்டும் முன்

மக்காச்சோளமும் உளுந்தும் ஏற்றிப் பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டிக்குப் போகும் பிக்கப் ஆகட்டும், கைமாறி வந்த ஸ்விஃப்ட் டீசல் ஆகட்டும், நம் பக்கத்து டீசல் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் டர்போ இருக்கிறது. மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் காரை நிறுத்திவிட்டது. அதனால் ஊருக்குள் ஓடுகிற ஸ்விஃப்ட் டீசல் எல்லாமே வயதான வண்டிதான். டர்போவையும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டையும் கழற்ற வேண்டிய காலம் அவற்றுக்கு வந்துவிட்டது. கழற்றுவதைப் பற்றிப் பட்டறைகளில் உலவும் சில நம்பிக்கைகள் வண்டிக்காரரின் கையிருப்பைக் கரைக்கின்றன.

"இழுவை இல்லை, கரும்புகை தள்ளுது. டர்போ போச்சு."

பல சமயம் போனது டர்போ அல்ல, ஓஸ். சைலன்சருக்குப் போகும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளுகிறது. அழுத்திய காற்று இன்டர்கூலருக்குப் போகும் வழியில் ரப்பர் ஓஸ் கீறியிருந்தாலோ கிளிப் தளர்ந்திருந்தாலோ காற்று வெளியே போய்விடும். காற்று குறைந்தால் டீசல் முழுதாக எரியாது, அதுதான் கரும்புகை. ஓஸ், கிளிப், ஏர் ஃபில்டர், ஆக்சுவேட்டருக்குப் போகும் சிறு வேக்குவம் குழாய் ஆகிய நான்கையும் பார்க்காமல் டர்போவில் ஸ்பேனர் வைக்கக் கூடாது. ஓஸுக்குள் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதும் வழக்கமே. தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் சிறிது ஆடும், அதுவும் குறையல்ல. முன்னும் பின்னுமாக நகர்ந்தாலோ, இறக்கை கூட்டில் உரசினாலோதான் டர்போ கெட்டது.

"டிக் டிக்குன்னு சத்தம் வந்தா டேப்பட் கோளாறு."

காலையில் எடுத்ததும் சத்தம் பலமாக இருந்து, சூடேறியதும் அடங்கிவிட்டால் மேனிஃபோல்டைச் சந்தேகியுங்கள். கேஸ்கெட் ஊதியிருக்கும், அல்லது ஓரத்து ஸ்டட் முறிந்திருக்கும். இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைப்பதால் சத்தம் குறைகிறது. புகை கசிந்த இடத்தில் கரிக்கோடு தெரியும். சக்கரத்தைச் சுழற்ற வேண்டிய புகை வழியிலேயே கசிவதால் இழுவையும் குறையும். அந்தப் பழியும் டர்போ மேல்தான் விழும்.

"ஸ்டட் வரலைன்னா பைப் மாட்டி ஒரே அழுத்து."

இந்த ஒரே அழுத்தில் ஸ்டட் ஹெட்டோடு ஒட்ட முறிந்துவிடுகிறது. சுமையோடு ஓடும்போது மேனிஃபோல்டு வழியாகப் போகும் புகை 700 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். தண்ணீரால் குளிரும் ஹெட் அதைவிட மிகக் குறைந்த சூட்டில் நிற்கும். இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் ஓரத்து ஸ்டட்கள் ஆண்டுக்கணக்கில் வளைந்து நிமிர்ந்து நைந்திருக்கும். முந்தின நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட வேண்டும். மறுநாள் இஞ்சின் ஆறிய நிலையில், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, நட்டைச் சிறிது தளர்த்தி, சிறிது இறுக்கி, மறுபடி தளர்த்திக் கொண்டுவர வேண்டும். அப்படியும் முறிந்து, முனை கொஞ்சம் வெளியே நின்றால் அதன்மேல் ஒரு நட்டை வெல்டு வைத்துத் திருகி எடுக்கலாம். ஒட்ட முறிந்ததைக் கைடிரில்லில் குடைய வேண்டாம். அலுமினிய ஹெட்டில் துளை சாய்ந்தால் செலவு பல மடங்காகும். அந்த வேலை லேத் பட்டறைக்குரியது.

"புது டர்போ மாட்டியாச்சு, இனி கவலையில்லை."

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: டர்போ தானாகச் சாவது அரிது. அதைக் கொன்றது எது என்று தெரியாமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். கழற்றிய பழைய டர்போ ஒரு சாட்சி. காற்றுப்பக்க இறக்கையின் முனை தேய்ந்து மழுங்கியிருந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது. தண்டு நீலம் பாய்ந்திருந்தால் எண்ணெய் போதவில்லை. புகைப்பக்க இறக்கை உடைந்திருந்தால் இஞ்சினிலிருந்து ஏதோ துண்டு வந்து அடித்திருக்கிறது.

நம் கரிசலில் முதல் குற்றவாளி தூசிதான். கோடையில் வெடித்துப் பொடியாகும் மண், ஆடிக் காற்றில் மாவாகப் பறக்கிறது. ஏர் ஃபில்டரைக் கம்ப்ரசரில் பலமாக ஊதிச் சுத்தம் செய்தால் காகிதம் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும். ஃபில்டர் பெட்டியின் கிளிப் உடைந்து கட்டுக்கம்பியால் கட்டியிருந்தால், புது ஃபில்டர் போட்டும் பயனில்லை. காட்டுப்பாதையில் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே ஃபில்டரை மாற்ற வேண்டும்.

இரண்டாவது குற்றவாளி எண்ணெய்க் குழாய். சின்னக் கார்களின் டர்போ தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை, இரண்டு லட்சம் சுற்று சுற்றும். பெரும்பாலானவற்றில் பால் பேரிங் கிடையாது, தண்டு மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. அந்த எண்ணெயைக் கொண்டுவரும் ஒல்லிக் குழாய் கரிபிடித்து அடைத்தால் சில நொடிகளில் பேரிங் தீய்ந்துவிடும். கம்பி விட்டுக் குத்தினால் கரி உதிர்ந்து புது டர்போவுக்குள்தான் போகும். குழாயையே மாற்றுங்கள். செம்பு வாஷர் புதிதாக இருக்கட்டும். இணைப்பில் சிலிக்கான் பசை தடவ வேண்டாம். அது பிதுங்கி உள்ளே போய் வழியை அடைக்கும். ஆயிலும் ஆயில் ஃபில்டரும் கட்டாயம் மாற்ற வேண்டும். திறந்து கிடக்கும் துளைகளைப் பனியன் வேஸ்ட்டால் அடைத்தால் நூல் பிரியும்; நூல் உதிராத சுத்தமான துணிதான் வேண்டும்.

இன்டர்கூலரில் தேங்கிய எண்ணெயை வடிக்க மறந்துவிடக் கூடாது. டீசல் இஞ்சின் அதை உறிஞ்சி எரித்துக் கட்டுப்பாடில்லாமல் வேகமெடுக்கலாம். அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

"நட்டை எவ்வளவு முறுக்கினாலும் நல்லதுதான்."

இல்லை. மேனிஃபோல்டு விரிய இடம் வேண்டும். நேர்கோல் வைத்து முகம் வளைந்திருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் பார்த்து, புது கேஸ்கெட் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் முறுக்க வேண்டும். எண்ணெய்த் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றித் தண்டைக் கையால் சுற்றிவிட்டு, இஞ்சின் பற்றாதபடி ஸ்டார்ட்டரைச் சில முறை ஓடவிட்டு, எண்ணெய் வந்து சேர்ந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

"டர்போவே வேண்டாம், பைபாஸ் பண்ணிடலாம்."

டர்போவை நம்பி அமைத்த இஞ்சின் அது. காற்று குறைந்தால் புகையும் சூடும் கூடும், இழுவை போகும். வண்டியின் மூல அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் தடுக்கிறது.

"நிறுத்துவதற்கு முன் இரண்டு நிமிஷம் ஓடவிடணும்."

இது பாதி உண்மை. மதுரையிலிருந்து நான்குவழிச் சாலையில் விரட்டி வந்து, ஓட்டல் வாசலில் சட்டென்று அணைத்தால், சூடான டர்போவில் எண்ணெய் ஓட்டம் நின்று அங்கேயே கரியாகும். அப்போது ஒரு நிமிடம் போல் ஐட்லிங்கில் விடுவது நல்லது. கோவில்பட்டியில் இறங்கி, பசுவந்தனைத் தெருக்களில் மெதுவாக ஓட்டி வீடு சேர்கிற வண்டிக்கு அது தேவையில்லை. வரும் வழியிலேயே டர்போ ஆறிவிடுகிறது.