எதிர்க்கட்சித் தலைவரோடு பேசிய டில்லி: 1983–84 முயற்சி பற்றி ஓர் ஆய்வு

வேலூர்ப் பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபத்தைக் காணாத மாணவர் நம்மிடையே குறைவு. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் நினைவிடம் அது. 1816-இல் கைதியாக வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1832-இல் இங்கேயே மறைந்தவன் அவன். அவனை அரியணையிலிருந்து இறக்கியது ஆங்கிலேயரின் படை மட்டுமன்று. ஜான் டாய்லி என்னும் அதிகாரி, மன்னனுக்கு எதிராகத் திரும்பிய எஹெலபொல முதலிய கண்டித் தலைவர்களோடு தொடர்பு வைத்துப் பேசி வந்தார். அதன் முடிவே 1815 மார்ச் 2-ஆம் நாள் கண்டி ஒப்பந்தம்.

ஒரு நாட்டின் அரசு, அண்டை நாட்டில் அரசை எதிர்த்து நிற்பவரோடு பேசினால் இலங்கையில் ஏன் ஐயம் எழுகிறது என்பதற்கு இம்மண்டபமே பாதி விடை சொல்லும். இதை மனத்திற் கொண்டு, 1983-இல் இந்தியா அதே தீவின் எதிர்க்கட்சித் தலைவரோடு நடத்திய பேச்சை நோக்குவோம்.

1977 ஜூலைப் பொதுத் தேர்தலில் ஜெயவர்த்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140-ஐ வென்றது. திருமதி பண்டாரநாயக்காவின் கட்சிக்குக் கிடைத்தவை 8 மட்டுமே. 18 இடங்களைப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி இரண்டாவது பெரிய கட்சியாயிற்று. அதன் தலைவர் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். விந்தையான நிலைதான். 1976-இல் வட்டுக்கோட்டையில் தனி நாடு வேண்டுமெனத் தீர்மானித்த கட்சியின் தலைவர், எந்த நாட்டிலிருந்து பிரிய விரும்பினாரோ அந்த நாட்டின் நாடாளுமன்றத்தில் அரசமைப்பு வழங்கிய பதவியில் அமர்ந்திருந்தார். இந்த முரண்பாட்டைச் சிலர் நகைத்தனர். எனக்கோ அதுவே பேச்சுக்கு வழி திறந்த நிலையாகத் தோன்றுகிறது. அவர் கேட்டது பெரிது. ஆனால் கேட்ட இடம் சட்டத்துக்கு உட்பட்டது.

1983 ஜூலைக் கலவரத்தை விரித்துரைக்கத் தேவையில்லை. கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெலிக்கடைச் சிறையில் இரு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். தமிழகம் கொதித்தது. பிரதமர் இந்திரா காந்தி, வெளியுறவு அமைச்சர் நரசிம்மராவைக் கொழும்புக்கு அனுப்பினார். ஆகஸ்டில் ஜெயவர்த்தனாவின் தம்பி எச். டபிள்யூ. ஜெயவர்த்தனா தூதராக டில்லி வந்தார். அதே மாதம் அமிர்தலிங்கமும் வந்து பிரதமரைச் சந்தித்தார். இரு தரப்பையும் தனித்தனியே கேட்டபின், நடுவில் நின்று பேச அனுப்பப்பட்டவர் ஜி. பார்த்தசாரதி.

இவரைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். சென்னையில் கிரிக்கெட் ஆடியவர், 'இந்து' நாளிதழில் பணியாற்றியவர், சீனத்தில் தூதர், ஐ.நா.வில் இந்தியப் பிரதிநிதி. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். இவையனைத்தையும் விட நம் பொருளுக்கு வேண்டியது மற்றொன்று. ஷேக் அப்துல்லாவோடு 1975-இல் ஏற்பட்ட காஷ்மீர் உடன்பாட்டுக்கு, டில்லியின் சார்பில் மிர்சா அப்சல் பேக்கோடு பேசியவர் இவரே. தனித்து நின்ற ஒரு தலைவரை ஒரே நாட்டுக்குள் முதலமைச்சராக அமர வைக்கும் வழியை அவர் முன்பே கண்டிருந்தார்.

ஆனால் காஷ்மீருக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. அங்கே உறுதியளித்த அரசே அதிகாரம் அளிக்கும் அரசு. இங்கே உறுதி டில்லியுடையது, அதிகாரம் கொழும்புடையது.

இதற்கிடையில் கொழும்பு செய்த காரியம் ஒன்று. 1983 ஆகஸ்டில் அரசமைப்பின் ஆறாவது திருத்தம் நிறைவேறியது. பிரிவினையை ஆதரிப்பதில்லை என உறுப்பினர் உறுதிமொழி எடுக்க வேண்டும். கூட்டணியினர் மறுத்தனர், அவை செல்லாமலேயே அக்டோபரில் இடங்களை இழந்தனர். நவம்பரில் அனுரா பண்டாரநாயக்கா எதிர்க்கட்சித் தலைவரானார். ஆகவே, பேச்சு தொடங்கியபோது பதவியில் இருந்த அமிர்தலிங்கம், பேச்சு முற்றியபோது பதவியற்ற மனிதர்.

எங்கள் ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளில் கூலிப் பேச்சைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். சங்கத் தலைவர் உள்ளே போய்ச் சிறிதாவது கூட்டி வாங்கி வரவேண்டும். வெறுங்கையோடு வந்தால் அடுத்த முறை வாசலில் வேறொருவர் நிற்பார். அவர் குரல் இன்னும் உரக்க இருக்கும்.

1983 நவம்பரில் காமன்வெல்த் மாநாட்டுக்கு ஜெயவர்த்தனா டில்லி வந்தபோது பேச்சு ஓர் உருவம் பெற்றது. அதுவே 'அனெக்சர் சி'. மாவட்டக் குழுக்கள் இணைந்து மண்டலக் குழுவாகலாம். அதில் பெரும்பான்மை பெற்ற கட்சித் தலைவரைக் குடியரசுத் தலைவர் முதலமைச்சராக நியமிப்பார். திருகோணமலைத் துறைமுகம் மத்திய அரசின் கீழ் இருக்கும். தனி நாடு கேட்டவர்கள் இதைப் பேசத்தக்க அடிப்படையாக ஏற்க முன்வந்தது சிறிய இறக்கமன்று.

ஆயினும் அத்தாளின் பெயரைக் கவனியுங்கள். ஒப்பந்தம் அன்று, இணைப்பு. கொழும்பிலும் புதுடில்லியிலும் நடந்த பேச்சுகளில் எழுந்த யோசனைகள் என்றே அது தன்னைச் சொல்லிக்கொள்கிறது. 1984 ஜனவரி 10-இல் அனைத்துக் கட்சி மாநாடு கூடியபோது பௌத்த பிக்குகளும் சிங்களக் கட்சிகளும் எதிர்த்தனர். அது தன் யோசனையெனத் தாங்கி நிற்க அரசு முன்வரவில்லை. ஆண்டிறுதியில் வந்த சட்ட வரைவு மீண்டும் மாவட்ட அளவுக்கே இறங்கியது. கூட்டணி மறுத்தது, மாநாடு முடிந்தது. அமிர்தலிங்கம் வெறுங்கையோடு நின்றார்.

பழி முழுவதும் கொழும்புக்கே உரியதென்று எழுதிவிட்டால் நமக்கு இனிக்கும். அது நேர்மையாகாது. வேதியியல் வகுப்பில் வினையூக்கி என்று படிக்கிறோம். அது வினையை விரைவுபடுத்தும். முடிவில் தான் மாறாதிருக்கும். பார்த்தசாரதி பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில், இந்திய உளவுத்துறை தமிழ்ப் போராளி இயக்கங்களுக்குப் பயிற்சியும் அளித்துவந்தது. நடுவர் தாமே வினையில் கலந்துவிட்டார். அப்பயிற்சி, ஜெயவர்த்தனாவை நெருக்கிய அளவுக்கு அமிர்தலிங்கத்தையும் நெருக்கியது என்பது என் கருத்து. இளைஞர் பார்வையில் அவர் பழைய மனிதராகிவிட்டார்.

1984 அக்டோபர் 31-இல் இந்திரா காந்தி மறைந்தார். ராஜீவ் ஆட்சியில் பார்த்தசாரதி விலக்கப்பட்டு, வெளியுறவுச் செயலர் ரொமேஷ் பண்டாரி முன்னுக்கு வந்தார். 1985-இல் பூட்டானின் திம்புவில் பேச்சு கூடியபோது கூட்டணியோடு ஆயுத இயக்கங்களும் மேசையில் அமர்ந்தன. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தில் ராஜீவும் ஜெயவர்த்தனாவும் மட்டுமே கையெழுத்திட்டனர். 'அனெக்சர் சி'-யில் தாளளவில் நின்ற முதலமைச்சர் பதவி, அவ்வாண்டு நவம்பரில் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் சட்டமாயிற்று.

1989-இல் அமிர்தலிங்கம் தேசியப் பட்டியல் வழியே மீண்டும் நாடாளுமன்றம் சென்றார். ஜூலை 13-ஆம் நாள் மாலை, கொழும்பில் அவர் தங்கியிருந்த வீட்டுக்கு விடுதலைப் புலிகள் தரப்பிலிருந்து சிலர் வந்தனர். பேச வருவதாக முன்பே சொல்லியிருந்ததால் உள்ளே விடப்பட்டனர். சிறிது நேரம் பேசிக்கொண்டும் இருந்தனர். பிறகு அமிர்தலிங்கத்தையும் யோகேஸ்வரனையும் சுட்டுக் கொன்றனர்.