அப்பளம் போல் நொறுங்கிய கார்

உளுந்தூர்பேட்டையிலிருந்து சின்னசேலம் வரை எந்த டீக்கடையில் நின்றாலும் விபத்துப் பேச்சு காதில் விழும். "வண்டி அப்பளமா நொறுங்கிடுச்சு, உள்ளே இருந்தவங்க பிழைச்சது சாமி புண்ணியம்" என்பார் ஒருவர். "இப்ப வர்றதெல்லாம் வெறும் தகரம், அந்தக் கால அம்பாசடர் தகடு வருமா?" என்பார் அடுத்தவர்.

சாமியோடு எனக்கு வழக்கில்லை, தகட்டோடுதான் வழக்கு. காரின் முன்பக்கம் நொறுங்குவதற்கென்றே வடிவமைக்கப்படுகிறது. பேலா பரேனி என்ற மெர்சிடிஸ் பொறியாளர் 1950களின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை வாங்கினார், 1959இல் அது விற்பனைக்கான காரிலேயே வந்துவிட்டது. கணக்கு எளிது. ஓடும் வண்டி பத்து சென்டிமீட்டரில் நிற்பதற்குப் பதில் அறுபது சென்டிமீட்டர் மடங்கி நின்றால், உள்ளே இருப்பவர் மேல் விழும் விசை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். மடங்காத தகடு அந்த அடியை அப்படியே நெஞ்சுக்கு அனுப்பும். பானெட் சுருண்டு, ஆனால் உட்காரும் கூண்டு குலையாமல், கதவும் திறக்கும் நிலையில் இருந்தால் அந்த வண்டி தன் வேலையைச் செய்திருக்கிறது.

அதற்காகப் புது வண்டி எல்லாமே நல்ல வண்டி ஆகிவிடாது. 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு நம் நாட்டில் விற்ற ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்ய ஸ்டார். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று நமக்கே ஒரு சோதனை வந்திருக்கிறது. ஷோரூமில் மைலேஜ் கேட்கிறவர்கள் முதலில் ஸ்டார் எத்தனை என்று கேட்க வேண்டும். கதவைத் தட்டிப் பார்த்தால் அது தெரியாது.

"பின் சீட்டுக்கு பெல்ட் எதுக்கு?" நம் வீடுகளில் அதிக உயிரைக் குடிக்கும் நம்பிக்கை இதுதான் என்பேன். 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே சூர்யா ஆற்றுப் பாலத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி வந்த கார் மோதியது. விலை உயர்ந்த மெர்சிடிஸ். முன்னால் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின் சீட்டில் இருந்த மிஸ்திரியும் இன்னொருவரும் இறந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போடவில்லை என்றது போலீஸ். வண்டி நின்றாலும் கட்டப்படாத உடம்பு நிற்காது, அதே வேகத்தில் முன்னால் பாயும். பின்னால் இருப்பவர் முன் சீட்டில் மோதி, பெல்ட் போட்டவரையும் சேர்த்து நசுக்குவார்.

மடியில் குழந்தை இருந்தால் பத்திரம் என்று நினைக்கும் தாய்மாருக்கு ஒரு கணக்கு. மணிக்கு 54 கிலோமீட்டரில் போகும் கார் பத்தில் ஒரு நொடியில் நின்றால், பத்து கிலோ குழந்தை அந்த நேரத்தில் நூற்றைம்பது கிலோவாகக் கனக்கும். எந்தக் கையாலும் பிடிக்க முடியாது. குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும், அதுவும் பின் சீட்டில்.

ஏர்பேக் இருக்கிறதே என்று பெல்ட்டை விடுகிறவர்களும் உண்டு. கண் இமைக்கும் முன் வெடித்து விரியும் பை அது. பெல்ட் போட்டுச் சரியாக உட்கார்ந்தவரைத்தான் தாங்கும், முன்னால் பாய்ந்து வருகிறவரைத் திருப்பி அடிக்கும். பெல்ட் அலாரம் கத்தாமல் இருக்க ஒரு உலோக நாக்கு விற்கிறார்கள். கொக்கியில் அதைச் செருகிவிட்டால் வண்டி ஏமாந்துவிடும். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் உத்தரவால் இணையக் கடைகளிலிருந்து இப்படிப்பட்ட 13,118 விளம்பரங்கள் நீக்கப்பட்டன. முன்னால் மாட்டும் கனத்த பம்பர் கம்பியும் அப்படித்தான். மடங்க வேண்டிய இடத்தை மடங்க விடாது, ஏர்பேக் சென்சாரையும் குழப்பும். 2017 இறுதியிலேயே அதற்குத் தடை வந்துவிட்டது.

தூக்கத்தை டீ விரட்டிவிடும் என்பதும் பொய். சற்றுத் தள்ளிப் போடும், அவ்வளவுதான். 2024 செப்டம்பர் 25 அதிகாலை, திருச்செந்தூர் போய்த் திரும்பிய வேன் உளுந்தூர்பேட்டை அருகே மேட்டத்தூரில் மரத்தில் மோதி ஆறு பேர் போனார்கள். சேலம் சாலையிலோ வேறொரு ஆபத்து. நான்கு வழியாகப் போட்ட அந்தச் சாலையின் புறவழிகளை இருவழியாகவே கட்டினார்கள். தியாகதுருகம், கள்ளக்குறிச்சி புறவழிகளில் நேருக்கு நேர் மோதல்கள் நடந்ததற்கு இதுவும் காரணம்.

கல்வராயன் மலையில் பேச்சே வேறு. "வளைவுல மெதுவாத்தானே போறோம்" என்று பிக்கப்பின் பின்பக்கம் நின்றுகொண்டு கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறுகிறார்கள், கூலி வேலைக்கும் சாவு வீட்டுக்கும். பள்ளத்தில் கவிழும்போது மெதுவான வேகமும் போதும். நொறுங்கும் முன்பக்கம், பெல்ட், கூண்டு எதுவும் பின்னால் நிற்பவருக்குக் கிடையாது. சரக்கு வண்டியில் ஏறியவருக்கு இன்சூரன்ஸ் இழப்பீடு வாங்குவதும் பெரும்பாடு. அவர்களிடம் அறிவுரை சொல்வதில் அர்த்தமில்லை. நேரத்துக்குப் பஸ் விட வேண்டும்.

கடைசியாக, "தூக்கிட்டுப் போனா கேஸ்ல மாட்டிக்குவோம்" என்ற பயம். உதவுகிறவர் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குக் காப்பு. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது. அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் பொருந்தும். தீ, வெள்ளம் இல்லையென்றால் அவரை இழுத்து வெளியே போடாதீர்கள், கழுத்தை ஆட்டாதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். 108க்குப் பேசும்போது பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும், வண்டி எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்பதையும் சொல்லுங்கள்.