பெயர் தரும் வாக்கு: இணையவழிப் பலர் விளையாட்டுகளின் வகைமைப் பெயர்கள் – ஓர் ஆய்வு

முன்னுரை

பிள்ளைத்தமிழ் என்னும் பெயரைக் கேட்ட அளவிலேயே தமிழ் கற்றார் உள்ளத்தில் பத்துப் பருவங்களும் வரிசையாக வந்து நிற்கின்றன. பரணி என்றால் போர்க்களம் தோன்றுகிறது. தூது என்றால் பிரிவின் துயரும் தூது செல்லும் பொருளும் தோன்றுகின்றன. நூலின் முதற்பாடலைக் கற்கும் முன்னரே அதன் வகைமைப் பெயர் கற்போனிடம் ஒரு வாக்குக் கொடுத்துவிடுகின்றது.

சிற்றிலக்கியம் பற்றிய பாடத்தில் இக்கருத்தை விளக்கிக்கொண்டிருந்த ஒரு நாள், கடைசி வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "நாங்கள் விளையாடும் கேம்களிலும் இப்படித்தான் ஐயா. என்ன வகை என்று சொன்னாலே உள்ளே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தெரிந்துவிடும்" என்றார். வகுப்பு சிரித்தது. ஆனால் அவர் கூறியது சிரித்து ஒதுக்கத்தக்கதன்று, ஆராயத்தக்கது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கூடும் இணையவழி விளையாட்டுகளில் வகைமைப் பெயர் ஆடுவோரின் எதிர்பார்ப்பை எங்ஙனம் உருவாக்குகின்றது, அவ்வெதிர்பார்ப்பு பொய்க்கும்போது என்ன நேர்கின்றது என்பவற்றைச் சில சான்றுகள் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இலக்கியம் காட்டும் நெறி

வகைமையும் எதிர்பார்ப்பும் இணைந்து நடப்பதை அறிய நம் இஸ்லாமியத் தமிழ் இலக்கியமே நல்ல சான்றாகும். அண்ணலாரின் வரலாற்றைத் தமிழில் பாடப் புகுந்த உமறுப்புலவர், சீறாப்புராணத்தில் நாட்டுப்படலத்தையும் நகரப்படலத்தையும் அமைத்தார். பாலை நிலமாகிய அரபு நாடு அங்கே தமிழ் மருதத்தின் வளத்தோடு காட்சியளிக்கின்றது. இது புலவரின் அறியாமையன்று. காப்பியம் என்று எண்ணி வருவோன் எதிர்பார்ப்பதை முதலில் கொடுத்து, பின்னர் அவனை விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் எனப் புதிய பெயருடைய உலகிற்குள் அழைத்துச் செல்லும் நுட்பமாகும். அவ்வாறே 'மசலா' என்னும் அரபுச் சொல்லுக்கு வினா என்பது பொருளாதலின், ஆயிரம் மசலாவைக் கையில் எடுப்போன் வினாவிடையை எதிர்பார்த்தே எடுக்கின்றான். நூலும் அவனை ஏமாற்றவில்லை.

நூலைத் தனியே இருந்து கற்கின்றோம். இணையவழி விளையாட்டிலோ பலர் கூடுகின்றனர். ஆகவே ஒருவருடைய எதிர்பார்ப்பு மற்றவருடைய எதிர்பார்ப்போடு மோதும் வாய்ப்பு அங்கே மிகுதி. இவ்வேறுபாட்டை நினைவிற் கொண்டு மேற்செல்வோம்.

2. காரணமும் இடுகுறியும்

பெயர்களைக் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என நம் இலக்கணிகள் பகுத்தனர். இப்பகுப்பு விளையாட்டு வகைமைகளுக்கும் பொருந்துவது வியப்பளிக்கின்றது.

1978 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்க, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த விளையாட்டின் பெயர் 'மட்' என்பது. பலர் புகும் நிலவறை என்பது அச்சுருக்கத்தின் விரிவு. படங்கள் இல்லை, எழுத்துகள் மட்டுமே. தனி விளையாட்டு ஒன்றின் பெயராகிய அது, பின்னர் அதனைப் போன்ற அனைத்திற்கும் பொதுப்பெயராயிற்று. 1993 இல் 'டூம்' வெளிவந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. அதனைப் பின்பற்றி வந்தவை சில காலம் 'டூமின் நகல்கள்' என்றே வழங்கப்பட்டன. பின்னரே, சுடுவோனின் கண்வழியாகக் காணும் விளையாட்டு என்னும் பொருளுடைய வகைமைப் பெயர் நிலைபெற்றது. நகல் என்ற பெயர் இருந்தவரை ஒப்பீடே எதிர்பார்ப்பாக இருந்தது. வகைமைப் பெயர் வந்தபின் ஒவ்வொன்றும் தன் தகுதியால் மதிக்கப்படும் நிலை உண்டாயிற்று.

'மோபா' என்னும் பெயர் இன்னும் நுட்பமானது. பலர் கூடும் இணையவழிப் போர்க்களம் என்பது அதன் விரிவு. 2009 இல் 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' விளையாட்டை வெளியிட்ட ரயட் நிறுவனம் இப்பெயரைப் பரப்பியது. சொற்பொருளை மட்டும் நோக்கின், பலர் கூடிச் சண்டையிடும் எந்த விளையாட்டையும் மோபா எனலாம். வழக்கிலோ, அணிக்கு ஐவர், மூன்று பாதைகள், தகர்க்க வேண்டிய கோபுரங்கள் என்னும் அமைப்புடையவற்றையே அது பெரிதும் குறிக்கின்றது. முள்ளுடைய செடிகள் பலவாயினும் 'முள்ளி' என்பது ஒரு செடியையே குறித்தல் போல, இது காரண இடுகுறிப்பெயர் எனத்தகும். ஆதலின் புதியவர் சொல்லைக் கேட்டு ஒன்றை எதிர்பார்க்கின்றார். பழகியவர் வழக்கை அறிந்து வேறொன்றை எதிர்பார்க்கின்றார். புதியவர் முதல் ஆட்டத்திலேயே வசை வாங்க நேர்வதற்கு இவ்விடைவெளியும் ஒரு காரணமாகும்.

'பேட்டில் ராயல்' என்னும் பெயரை இளைஞர் அறியாதிருக்க இயலாது. ஜப்பானிய எழுத்தாளர் கௌஷுன் தகாமி 1999 இல் வெளியிட்ட புதினத்தின் பெயர் அது. 2000 இல் திரைப்படமாயிற்று. அயர்லாந்து நாட்டைச் சேர்ந்த பிரெண்டன் கிரீன் அதனால் தூண்டப்பெற்று அமைத்த முறை, 2017 இல் வெளிவந்த பப்ஜி வழியாக உலகெங்கும் பரவியது. நூறு பேர் வரை இறங்குவர். நிலம் சுருங்கிக்கொண்டே வரும். இறுதியில் எஞ்சியவரே வென்றவர்.

இவ்விடத்தில் ஓர் உண்மை கருதற்பாலது. சுடும் விளையாட்டுகள் பிறவற்றில் ஓரிடத்தில் பதுங்கியிருந்து தாக்குவோரை மற்றவர்கள் இழித்துரைப்பர். பேட்டில் ராயலில் அதே பதுங்கல் அறிவுடைமையாகப் போற்றப்படும். செயல் ஒன்றே, வகைமை மாறியதும் அச்செயலுக்குரிய மதிப்பும் மாறிவிடுகின்றது. வகைமைப் பெயர் வெறும் அடையாளச் சீட்டன்று. அது நடத்தை விதியுமாகும்.

3. ஒரு பெயருள் இரு எதிர்பார்ப்புகள்

1997 செப்டம்பரில் வெளிவந்த 'அல்டிமா ஆன்லைன்' இவ்வாய்வுக்கு மிகச் சிறந்த சான்றாகும். பெருந்திரளானோர் கூடும் இணையவழிப் பாத்திரமேற்பு விளையாட்டு என்னும் பொருள்தரும் 'எம்.எம்.ஓ.ஆர்.பி.ஜி.' என்ற நீண்ட பெயரைப் பரப்பியவராகக் கூறப்படுபவர், இதனைப் படைத்த ரிச்சர்ட் காரியட்டே ஆவார்.

அல்டிமா என்பது முன்னரே புகழ்பெற்ற தொடர். 1985 இல் வந்த அதன் நான்காம் பகுதி, எட்டு அறப்பண்புகளைக் கைக்கொண்டு உயர்வதையே ஆட்டத்தின் குறிக்கோளாக வைத்தது. ஆகவே பலர் அறவீரராக வாழலாம் என எண்ணி உள்ளே வந்தனர். வேறு பலரோ, 'பெருந்திரள்', 'இணையவழி' என்னும் சொற்களையே பற்றிக்கொண்டு, எவரையும் எதிர்த்து எதுவும் செய்யலாம் என எண்ணி வந்தனர். ஊர் எல்லையைத் தாண்டிய எளியவர்கள் வழிப்பறிக்கும் கொலைக்கும் ஆளாயினர். வெளியீட்டிற்கு முந்திய சோதனைக் காலத்தில், 1997 ஆகஸ்டில், காரியட் ஏற்றிருந்த 'லார்ட் பிரிட்டிஷ்' என்னும் மன்னர் பாத்திரமே ஆடுவோர் ஒருவரால் கொல்லப்பட்டது. படைத்தவரின் எதிர்பார்ப்பும் அங்கே தப்பவில்லை.

இரு சாராரில் எவர் தவறு செய்தார்? இருவரும் தாம் கேட்ட பெயருக்கு உண்மையாகவே நடந்தனர். பெயரே இரண்டு வாக்குகளைக் கொடுத்திருந்தது. தீர்வு 2000 ஆம் ஆண்டில் வந்தது. அவ்வுலகம் இரண்டாக்கப்பட்டது. 'ஃபெலுக்கா' என்னும் பகுதியில் பழைய நிலை நீடித்தது. 'டிராமல்' என்னும் பகுதியில் விருப்பமின்றி ஒருவரைத் தாக்குதல் இயலாதாயிற்று. ஒரு பெயர் தாங்க முடியாத சுமையை இரு பெயர்கள் பகிர்ந்துகொண்டன எனலாம்.

இப்பாடத்தைப் பின்வந்தோர் நன்கு கற்றனர். 2004 இல் வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்', நுழையும்போதே தளத்தின் வகையைத் தெரிவித்தது. ஆடுவோர் ஒருவரையொருவர் தாக்கும் தளம், அவ்வாறு தாக்காத தளம், பாத்திரமேற்புத் தளம் என அவை பிரிந்திருந்தன. முதல்வகைத் தளத்தில் தாக்கப்பட்டவர் முறையிட இடமில்லை. அவர் அறிந்தே வந்தவர். 2018 இல் இப்பிரிவினை மாற்றப்பட்டு, போர் வேண்டுமா வேண்டாவா என்பதை ஆடுவோரே தமக்குத் தாம் அமைத்துக்கொள்ளும் முறை வந்தது.

2005 இல் வெளிவந்த 'கில்ட் வார்ஸ்' விளையாட்டை உருவாக்கிய அரீனாநெட் நிறுவனம் மற்றொரு வழியை மேற்கொண்டது. ஊர்களில் மட்டும் பலரும் கூடுவர். ஊருக்கு வெளியே ஒவ்வொரு குழுவுக்கும் தனி நிலம். எம்.எம்.ஓ.ஆர்.பி.ஜி. என்றால் ஆடுவோர் எதிர்பார்க்கும் எல்லையற்ற பொது உலகம் அதில் இல்லை. ஆகவே, போட்டி சார்ந்த இணையவழிப் பாத்திரமேற்பு விளையாட்டு என்னும் வேறு பெயரை அந்நிறுவனம் தானே சூட்டிக்கொண்டது. கொடுக்க இயலாததை வாக்களியாமை நேர்மையின் பாற்படும்.

4. பொய்த்த வாக்குகள்

வாக்குப் பொய்த்த இடங்களும் உள. 2016 ஆகஸ்டில் வெளிவந்த 'நோ மேன்ஸ் ஸ்கை' எண்ணிறந்த கோள்களைக் கொண்டது. அவ்வளவு பெரிய உலகில் பிறரைச் சந்திக்கலாம் என்று பலர் நம்பினர். வெளியான தொடக்க நாள்களிலேயே இருவர் ஒரே கோளின் ஒரே இடத்தில் நின்றும் ஒருவரையொருவர் காண இயலவில்லை. எழுந்த சினம் பெரிது. 2018 ஜூலையில் வந்த மேம்பாட்டின் பின்னரே கூடி ஆடும் வசதி முழுமையாக அமைந்தது.

2018 நவம்பரில் வந்த 'ஃபால்அவுட் 76' இதன் மறுதலை. ஃபால்அவுட் தொடர் 1997 முதல், கதைமாந்தரோடு உரையாடி நன்மை தீமைகளைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டமாக அறியப்பட்டது. புதிய பகுதியிலோ எதிர்ப்படும் மனிதர் அனைவரும் பிற ஆட்டக்காரர்களே. உரையாடுவதற்குரிய மனிதக் கதைமாந்தர் இலர். முன்னதில் மனிதரைத் தேடியவர் கதையை மட்டும் கண்டார்; பின்னதில் கதையைத் தேடியவர் மனிதரை மட்டும் கண்டார். 2020 ஏப்ரலில் கதைமாந்தர் சேர்க்கப்பட்டனர். இரு நிறுவனங்களும் ஈராண்டு அளவில் உழைத்து, பெயர் கொடுத்திருந்த வாக்கை நிறைவேற்றின.

5. பெயர் மறைக்கும் பொருள்

இதுவரை கண்ட ஏமாற்றங்களில் இழப்பு பெரும்பாலும் பொழுதும், வாங்கிய விலையும் ஆகும். குடும்பத்தையே அழிக்கும் ஏமாற்றம் ஒன்றுண்டு. அது 'திறன் விளையாட்டு' என்னும் பெயரைச் சூடி வருகின்றது.

பணம் கட்டி ஆடும் இணையவழிச் சீட்டாட்டங்களும் பலர் கூடும் விளையாட்டுகளே. ரம்மி பெரிதும் திறன் சார்ந்தது என 1967 இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டின் 2022 ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டுகளாக வகைப்படுத்தியது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வகைப்பாட்டை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ வேறு அளவுகோலைக் கொண்டது. திறனா வாய்ப்பா என்பதை நோக்காது, பணத்தைப் பந்தயமாக வைத்துப் பணம் பெற எதிர்பார்க்கும் ஆட்டத்தை 'இணையவழிப் பண விளையாட்டு' என ஒரு வகையாக்கி, மின்விளையாட்டுப் போட்டி, சமூக விளையாட்டு என்பவற்றினின்றும் பிரித்தது. இவ்வழக்குகள் அனைத்தும், சாரத்தில், ஒரு வகைமைப் பெயரைப் பற்றிய வழக்குகளே ஆகும்.

சட்டநுட்பம் நிற்க; ஆடுவோன் உள்ளத்தை நோக்குவோம். சூது என்று சொன்னால் அவன் இழப்பை எதிர்பார்ப்பான். திறன் என்று சொன்னால், இன்னும் சிறிது கற்றால் வெல்வேன் என்று எதிர்பார்ப்பான். இழக்கும்தோறும் அவன் குறை காண்பது ஆட்டத்திலன்று, தன்னிடத்தில். ஆகவே விட்டதைப் பிடிக்க மீண்டும் ஆடுகின்றான். அவனைப் பிணிப்பது அவ்வெதிர்பார்ப்பே.

திருக்குர்ஆன் விலக்கிய சூதிற்குரிய சொல் 'மைசிர்' என்பது. எளிமை எனப் பொருள்படும் வேரிலிருந்து அச்சொல் பிறந்தது என்பர் விரிவுரையாளர் சிலர். உழைப்பின்றி எளிதில் பெறலாம் என்னும் எதிர்பார்ப்பு அப்பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கின்றது. பெயரைக் கேட்டபோதே நோயும் தெரிந்துவிடுகின்றது. திறன் என்னும் பெயரோ நோயை மருந்தாகக் காட்டுகின்றது.

முடிவுரை

வகைமைப் பெயர் ஆட்டம் தொடங்குமுன் கொடுக்கப்படும் வாக்கு. அஃது ஓர் அமானிதம். அதனைப் பேணியோர் நற்பெயர் பெற்றனர்; பொய்த்தோர் மீண்டும் உழைத்துச் சரிசெய்தனர்; மறைத்தோர் குடும்பங்களைக் கெடுத்தனர்.

ஆதலின், மாணவர்கள் ஒன்றினுள் நுழையுமுன் அதன் பெயர் எதை வாக்களிக்கின்றது, அவ்வாக்கு உண்மைதானா என இரு வினாக்களை எழுப்புதல் வேண்டும். தொல்காப்பியமும் பாட்டியல் நூல்களும் கற்பிக்கும் வகைமையறிவு தேர்வுக்கு மட்டும் உரியதன்று. அது கைப்பேசித் திரையிலும் பயன்படும் என்பதை ஆசிரியர்கள் உணர்த்தலாம். சமுதாயப் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். 'கேம்' என்னும் ஒரே சொல்லில் அனைத்தையும் அடக்கி, அனைத்தையும் தடுப்பதும் அனைத்தையும் விடுவதும் பயன் தாரா. பிள்ளையின் அருகில் அமர்ந்து, "இது என்ன வகை, தம்பி?" என்று ஒருமுறை கேளுங்கள். நண்பர் நால்வரோடு கோபுரம் தகர்க்கும் பிள்ளைக்கு நேரத்தின் அருமையைச் சொன்னால் போதும். பணம் வைத்துச் சீட்டாடும் பிள்ளையைக் காக்க அன்றே எழுந்திருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது அந்த ஒரு வினாவே.

அன்று கடைசி வரிசையில் எழுந்த மாணவருக்கு நான் சொல்ல வேண்டிய விடையும் இதுவேயாகும்.