மூக்கில் ரத்தம்: எப்போது ஆபரேஷன்?

அப்பாவுக்கு வயது 64. பிரஷர் உண்டு; ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். அடிக்கடி மூக்கிலிருந்து ரத்தம் கொட்டுகிறது. ஆபரேஷன்தான் வழியா? செலவு எவ்வளவு ஆகும்?
– வாசகி, விழுப்புரம்

பயப்படாதீர்கள் அம்மா, பெரும்பாலும் ஆபரேஷன் வரை போகாது. ரத்தம் வரும்போது அண்ணாந்து படுக்க விடாதீர்கள். தொண்டைக்குள் இறங்கி வாந்தி வரும். முன்னால் குனிந்து உட்காரவைத்து, மூக்கின் மிருதுவான பகுதியை 15 நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள். நடுவில் கையை எடுத்துப் பார்க்கவே கூடாது. அரைமணி நேரத்தில் நிற்காவிட்டாலோ, மயக்கம் வந்தாலோ உடனே கேஷுவாலிட்டிக்குப் போய்விடுங்கள்.

கசியும் இடம் முன்பக்கம் என்றால் காது மூக்கு தொண்டை டாக்டர் சில்வர் நைட்ரேட் வைத்துச் சுட்டுவிடுவார். புறநோயாளியாகவே சில நிமிடங்களில் முடியும், செலவும் குறைவு. அடங்காவிட்டால் மூக்கை அடைத்து ஓரிரு நாள் வைத்திருப்பார்கள். பின்பக்க ரத்தக்குழாய் அடம்பிடித்தால்தான் எண்டோஸ்கோப் ஆபரேஷன். தனியாரில் அது கையைக் கடிக்கும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தானே, முதலில் அங்கே போங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் வாங்கி வையுங்கள்.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். பிரஷர் மாத்திரை ஒருவேளைகூடத் தவறக் கூடாது.